விழித்த உள்ளமும் விழிக்காத உடலும்

உறக்கம் கலைந்துவிட்டது என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது; மேலே சுழலும் மின்விசிறியும், அருகில் உறங்குபவரின் மூச்சும், ஜன்னல் வழியே விழும் தெருவிளக்கின் வெளிச்சமும் உள்ளபடியே புலப்படுகின்றன. ஆயினும் கையை உயர்த்த முயன்றால் உயரவில்லை; கூப்பிட எண்ணினால் குரல் எழவில்லை; மார்பின்மீது ஏதோ ஏறி அமர்ந்திருப்பதாகவும், அறையின் மூலையில் யாரோ நின்று பார்த்துக்கொண்டிருப்பதாகவும் தோன்றி உள்ளம் நடுங்குகிறது. சில விநாடிகளிலோ இரண்டொரு நிமிஷங்களிலோ அந்தக் கட்டு தானே அவிழ்ந்துவிடுகிறது என்றாலும், முதன்முறையாக அதற்கு ஆட்பட்டவர் மறுநாள் இரவு விளக்கை அணைக்கத் தயங்குவது இயல்பே.

நம் கிராமங்களில் இதை அமுக்குவான் பேயின் வேலை என்பார்கள். கனடாவைச் சேர்ந்த நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் கிழச் சூனியக்காரி ஒருத்தி வந்து மார்பில் அமர்வதாகச் சொல்வது வழக்கம். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து லண்டனில் புகழ் பெற்ற ஓவியர் ஹென்றி ஃபியூஸ்லி 1781-ஆம் ஆண்டில் தீட்டிய படத்திலோ, மல்லாந்து கிடக்கும் பெண்ணின்மேல் குட்டைப் பூதம் ஒன்று குந்தியிருக்கிறது. ஒருவரோடொருவர் கலந்து பேசியிராத இத்தனை ஜனங்களும் ஏறக்குறைய ஒரே விதமான பிராணியை ஒரே இடத்தில் அமர்த்தியிருக்கிறார்கள் என்றால், அதற்குரிய காரணத்தை அவரவர் ஊர்ப் பேய்களிடம் தேடுவதைவிட, எல்லோருக்கும் பொதுவான மனித சரீரத்தில் தேடுவதுதான் பொருத்தம்.

அந்தத் தேடலுக்கு வழி திறந்தது 1953-ஆம் ஆண்டில். சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த யூஜீன் அஸெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், உறங்குகிறவரின் கண்மணிகள் மூடிய இமைகளுக்குள் வேகமாக அசையும் கட்டம் ஒன்று உண்டென்றும், அப்போது எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் சொப்பனம் கண்டதாகவே கூறுகிறார்கள் என்றும் வெளியிட்டார்கள். அந்தக் கட்டத்தில் மூளைத் தண்டிலிருந்து எழும் கட்டளை கை கால்களின் தசைகளைத் தளர்த்திச் செயலற்றவையாக்கி விடுகிறது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்னும் ஆராய்ச்சியாளர் பூனைகளின் மூளைத் தண்டில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியைச் சிதைத்துப் பார்த்தபோது, அவை உறக்கம் கலையாமலே எழுந்து, இல்லாத இரையின்மேல் பாய்ந்தன. கனவில் ஓடுகிற நாம் கட்டிலிலிருந்து ஓடிவிடாதபடி இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடே இந்தத் தசைத் தளர்ச்சி. பிரக்ஞை திரும்பிய பின்னும் இந்தத் தளர்ச்சி சற்று நீடித்து விடுவதுதான் தூக்க முடக்கம். மூச்சை நடத்தும் உதரவிதானம் இந்தத் தளர்ச்சிக்கு உட்படாமல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. ஆனால் விலா எலும்புகளுக்கிடையிலுள்ள தசைகள் தளர்ந்து கிடப்பதால், வேண்டுமென்றே ஆழ மூச்சிழுக்க முயல்பவருக்கு அது கைகூடாமல், மார்பில் பாரம் அழுத்துவதுபோல் ஆகிறது. விழித்த கண்ணுக்கு முன்பாகவே கனவின் மிச்சமும் நடமாடுவதால், அந்தப் பாரத்துக்கு உருவமும் முகமும் கிடைத்துவிடுகின்றன.

பாரம் ஏறுவதாக உணர்வோர் ஒருபுறமிருக்க, அதே நிலையில் பாரமே நீங்கி மிதப்பதாகவும், சுழல்வதாகவும், உடலை விட்டு மேலே எழுவதாகவும் உணர்வோர் உண்டு. உடல் இருக்கும் இடத்தையும் கிடக்கும் வாகையும், உட்செவியின் சமநிலை உணர்வு, பார்வை, ஸ்பரிசம் ஆகியவற்றைக் கூட்டிச் சேர்த்தே மூளை நிர்ணயித்துக்கொள்கிறது; அந்தக் கணக்கு பிசகினால் 'நான்' இருக்கும் இடமும் பிசகுகிறது. ஜெனீவாவில் வலிப்பு நோயாளியான ஒரு பெண்மணிக்குச் சிகிச்சையின் பொருட்டு மூளையின் வலப்புறத்தில், பொட்டு மடலும் சுவர் மடலும் சந்திக்கும் இடத்தை ஒட்டி மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தியபோது, படுக்கையில் கிடக்கும் தம் உடலின் கால்களையும் இடுப்புப் பகுதியையும் மேலிருந்து பார்ப்பதாக அவர் சொன்னார். அந்தச் சோதனையை நடத்திய ஓலாஃப் பிளாங்கே குழுவினர் இதை 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

உடலை விட்டு வெளியேறுவதாக உணரும் இந்த அனுபவத்தில் புதிதாகக் காலடி வைப்பவர் படும் பாட்டை ராபர்ட் மன்றோவைப் போல் விரிவாக எழுதி வைத்தவர் சிலரே. வானொலி நிகழ்ச்சிகள் தயாரிக்கும் தொழிலிலிருந்த இந்த அமெரிக்கருக்கு 1958-ஆம் ஆண்டில், படுத்திருக்கும்போது உடலெங்கும் அதிர்வு பரவுவதும் அசைய முடியாமற் போவதும் திரும்பத் திரும்ப நேர்ந்தன. ஏதோ கொடிய நோய் என்று அஞ்சி வைத்தியரிடம் சென்றார். நோய் எதுவும் தென்படவில்லை. ஓர் இரவு கட்டிலுக்கு வெளியே தொங்கிய கையின் விரல்களால் தரையை அழுத்தியபோது அவை தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போனதாகவும், அங்கே மரச்சில்லும் வளைந்த ஆணியும் மரத்தூளும் விரலில் தட்டுப்பட்டதாகவும் எழுதுகிறார். பின்னொரு நாள், சுவரென்று எண்ணித் தாம் சாய்ந்திருந்தது கூரையின் உட்புறம் என்று கண்டு திரும்பியவர், கீழே கட்டிலில் தம் மனைவியருகே உறங்கும் ஆடவன் யாரென்று உற்றுப் பார்த்து, அது தாமே என்று தெரிந்ததும், செத்துப்போனோமோ என்ற பீதியில் உடலுக்குள் பாய்ந்து திரும்பினாராம். 1971-இல் வெளிவந்த அவருடைய நூலைப் படித்து அதே அனுபவத்தை நாடிப் புறப்பட்டவர்கள் பலர்.

அவர்களுக்கு எதிர்ப்படும் இடையூறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை: எச்சில் விழுங்கத் தோன்றும், மூக்கு நுனி அரிக்கும், அதிர்வு தொடங்கியவுடன் ஆவலினால் இதயம் படபடத்து எல்லாம் கலைந்துவிடும், அல்லது காத்திருந்து காத்திருந்து உறக்கமே வந்துவிடும். பேய்க்கு அஞ்சுபவர் கட்டை அறுக்கப் போராடுகிறார், சித்திக்கு ஆசைப்படுபவர் கூட்டை விட்டுப் பறக்கப் போராடுகிறார்; இருவரையும் அலைக்கழிப்பது அந்தப் போராட்டமே.

மூலன் என்னும் இடையனின் உடலில் திருமூலர் புகுந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஸ்தூல தேகத்தை விட்டு வெளியேறுவது என்ற எண்ணம் அந்நியமானதன்று. ஆனால் அத்தகைய சித்திகளைப் பேசிய யோக சாஸ்திரமே அவற்றைச் சமாதிக்கு இடையூறென்று எச்சரித்திருக்கிறது என்பதையும், வெளியே சென்றதாகத் தோன்றுவது வேறு, சென்றது வேறு என்பதையும் மறத்தலாகாது. 1970-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவியாக இருந்த சூசன் பிளாக்மோர், கூரைகளின்மேல் தாம் பறந்ததாக உணர்ந்தபின், கண்ட காட்சியை நேரில் சரிபார்த்தார். கூரைகளும் மழைநீர்க் குழாய்களும் தாம் கண்டபடி இல்லை. அனுபவம் பொய்யென்று அவர் தள்ளவில்லை. அது எங்கிருந்து எழுகிறது என்று ஆராயப் பல ஆண்டுகளைச் செலவிட்டார்.

தூக்க முடக்கத்தால் துன்புறுபவர் முதலில் கவனிக்க வேண்டியவை, மல்லாந்து படுக்கும் பழக்கம், இரவுப் பணியாலும் கண்விழிப்பாலும் நேரந்தவறிய உறக்கம், தீராத மனக்கவலை ஆகியவை. கட்டு விழுந்த நேரத்தில் முழு உடலையும் உதற முயலாமல், மூச்சைத் தன் போக்கில் விட்டு, ஒரு கால் விரலை மட்டும் அசைக்க முயல்வது பலருக்குப் பலனளித்திருக்கிறது. பகலில் அடக்க முடியாத உறக்கமும், சிரிக்கும்போது திடீரென்று கால்கள் துவள்வதும் கூடவே இருந்தால் நரம்பு வைத்தியரை அணுகுவது அவசியம். ஆகாயப் பயணத்தை விரும்பி நள்ளிரவில் அலாரம் வைத்து எழுகிறவர்களுக்கோ ஒன்றே சொல்லலாம்: அந்த வேடிக்கை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதற்காகக் கெடுத்துக்கொண்ட உறக்கத்துக்கு மறுநாளே உடல் வட்டி கேட்கும்.