ஒரே அலைவரிசையில் பல குரல்கள்

சுங்கை சிப்புட் தோட்டத்தில் பொழுது சாய்ந்ததும் தாத்தாவின் வானொலியில் இரண்டு மொழிகள் கலந்து ஒலிக்கும். பெட்டி பழுது என்பார் பாட்டி. காரணம் வானத்தில் இருந்தது. மத்திய அலை பகலில் தரையோடு பரவுகிறது. மேலே போவதை அயனி மண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடும். இரவில் அவ்வடுக்கு மறைய, அலை மேலடுக்கில் பட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும்.

அதனால் 1975 ஜெனீவா ஒப்பந்தம் 1485, 1584, 1602 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசைகளைச் சிறு நிலையங்களுக்கு ஒதுக்கி, திறனை 1 கிலோவாட்டுக்குள் நிறுத்தியது. உதகமண்டலம் வானொலி 1602-இல்தான் ஒலித்தது. பகலில் இது நியாயமான ஏற்பாடு. இரவிலோ தொலைவிலுள்ளவை குறுக்கிட, சிறு நிலையத்தின் எல்லை ஊருக்குள் சுருங்கிவிடும். உழைப்பவர்கள் வானொலி கேட்பது அப்போதுதானே!

பண்பலைக்கு இத்தொல்லை குறைவு. ஆனால் மலை மறைத்தால் கேட்காது. ஈப்போவுக்காகக் கிளேடாங் மலையுச்சியில் கோபுரங்கள் நிற்பது அதனால்தான்.