ஒரு கண் நொய்யில், ஒரு கண் வானில்

ராசிபுரத்துப் பக்கம் கொல்லையில் நொய் பொறுக்கும் நாட்டுக்கோழிக் குஞ்சைக் குனிந்து பார்த்தால் தெரியும். தலையைச் சாய்த்து, வலக்கண்ணால் கல்லையும் நொய்யையும் பிரித்துக் கொத்தும். மேலே நிழல் ஓடினால், இடக்கண்ணை வானத்துக்குத் திருப்பும். கோழிக்குக் கண் நரம்புகள் ஏறக்குறைய முழுவதும் குறுக்கே மாறிப் போகின்றன. வலக்கண் கண்டது மூளையின் இடப்பாதிக்கு, இடக்கண் கண்டது வலப்பாதிக்கு. ஒரு பாதி இரை தேட, மறுபாதி காவல் இருக்கிறது. கவனம் என்றால் ஒரே இடத்தில் குவிவது என்று நினைக்கிறோம். குஞ்சிடம் அது வேலைப் பங்கீடு. மனித மூளையிலும் இதன் சாயல் உண்டு: வலப்பாதியில் பக்கவாதம் தாக்கிய சிலர், பார்வை கெடாமலே, வாழையிலையின் இடப்பக்கச் சோற்றைத் தொடாமல் எழுந்துவிடுவார்கள்.

'எல்லாம் பிறவிக் குணம்தானே' என்று கேட்கலாம். பாதிதான் சரி. குஞ்சு பொரிய 21 நாள். கடைசி நாட்களில் கரு தலையை மடக்கிக்கொள்ளும்போது இடக்கண் உடம்போடு புதைந்துவிடும், வலக்கண் ஓட்டுப்பக்கம் இருக்கும். அடைக்கோழி இரைக்கு எழுந்து போகும் நேரத்தில் ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் அந்த ஒரு கண்ணுக்குத்தான். இந்த வெளிச்சமே பங்கீட்டைத் தீட்டுகிறது என்று 1982இல் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் லெஸ்லி ரோஜர்ஸ். கருவின் இடக்கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து வலக்கண்ணை மறைத்தபோது பங்கீடும் பக்கம் மாறியது; பிறவிக் குணம் மட்டும் என்றால் அது மாறியிருக்காது. 2004இல் அவரும் இத்தாலிய ஆய்வாளர்கள் இருவரும் சிறு கற்களுக்கு நடுவே தானியம் தேடும் குஞ்சுகளின் தலைக்குமேல் வேட்டைப் பறவையின் உருவத்தை நகர்த்தினார்கள். வெளிச்சம் கண்ட முட்டையின் குஞ்சுகள் இரண்டையும் சமாளித்தன. இருட்டில் பொரிந்தவை தடுமாறின. நேரம் போகப்போக இன்னும் மோசமாயின.

நாமக்கல்லுக்கு இதில் வேலை இருக்கிறது. ஹேட்சரி இன்குபேட்டருக்குள் பெரும்பாலும் இருட்டு. 'கூண்டுக்கோழிக்குப் பருந்து ஏது, தீவனம் மூக்கடியில் இருக்கிறதே' என்று பண்ணைக்காரர் கேட்டால், அந்தக் கோழியைப் பொறுத்தவரை மறுக்க முடியாது. ஆனால் இன்குபேட்டரில் பொரித்து வீட்டு வளர்ப்புக்கு விற்கும் நாட்டுக்கோழிக் குஞ்சு திறந்த கொல்லைக்குப் போகிறது. அங்கே பருந்து உண்டு, கீரி உண்டு, கூப்பிட்டு ஒளித்துக்கொள்ளத் தாய்க்கோழி இல்லை. கடைசி மூன்று நாளில் சில மணி நேரம் ஒரு விளக்கு எரிந்தால், இங்குள்ள கொல்லைகளில் எத்தனை குஞ்சு கூடுதலாகப் பிழைக்கும் என்று எண்ணிப் பார்க்க 1985 முதல் நாமக்கல்லில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியைவிடப் பொருத்தமான இடம் ஏது?