கதை இல்லாத களம்: சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர்

சின்ஸ் ஆஃப் எ சோலார் எம்பயர் 2008 பிப்ரவரியில் வெளிவந்த விண்வெளிப் போர் விளையாட்டு. கனடாவின் அயர்ன்கிளாட் கேம்ஸ் உருவாக்கியது, அமெரிக்காவின் ஸ்டார்டாக் வெளியிட்டது. ஆட்டக்காரர் ஒரே ஒரு கோளுடன் தொடங்குகிறார். உளவுக் கப்பல்களை அனுப்பி அக்கம்பக்கத்துக் கோள்களைக் கண்டறிந்து, குடியேறி, பணம், உலோகம், படிகம் ஆகிய மூன்று வளங்களைச் சேர்த்து, கப்பற்படையைக் கட்டி, எதிரியை ஒழிக்க வேண்டும். நாகரிகங்களைக் கட்டியெழுப்பும் விளையாட்டுகளில் இதெல்லாம் முறை வைத்து நடக்கும். இங்கே எல்லாமே நிகழ்நேரத்தில் நடக்கிறது. சுட்டியின் சக்கரத்தை ஒருமுறை உருட்டினால் முழு விண்மீன் மண்டலமும் தெரியும். எதிர்ப்பக்கம் உருட்டினால் ஒற்றைப் போர்விமானத்தின் இறக்கை வரை இறங்கிப் பார்க்கலாம்.

தனியாக விளையாட விரும்பி வாங்கியவர்களுக்கு இதில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கதைத் தொடர் என்று ஒன்று கிடையாது. 1999இல் வந்த ஹோம்வேர்ல்ட் என்ற விண்வெளி விளையாட்டில் ஒரு கட்டத்தில் பிழைத்த கப்பல்களே அடுத்த கட்டத்துக்கும் கூட வரும். தாயகம் தேடிப்போகும் ஓர் இனத்தின் பயணம் முழுவதும் அதில் இருந்தது. சின்ஸில் ஒரு தொடக்கக் காணொளி மூன்று தரப்புகளின் பகையைச் சொல்லி முடிக்கிறது. அதற்குப் பிறகு ஆட்டக்காரரின் முன் இருப்பது வரைபடமும் விருப்பத் தேர்வுகளும் மட்டுமே. இதைக் குறையாகச் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் இந்த விளையாட்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தனியாட்களின் கணினிகளில் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் அதுவே. எழுதிவைத்த கதையை ஒருமுறை முடித்தால் தீர்ந்துபோகும். இங்கே ஒவ்வொரு ஆட்டத்தின் கதையையும் தரப்புகளின் இயல்பும் ஆட்டக்காரரின் தேர்வுகளும் சேர்ந்து புதிதாக உண்டாக்குகின்றன.

தேர்வுகளில் முதலாவது வரைபடம். ஒரே நட்சத்திரத்தைச் சுற்றிய சிறிய வரைபடங்களில் இரண்டு பேர் மோதலாம்; பல நட்சத்திரங்கள் கொண்ட பெரிய வரைபடங்களில் பத்துப் பேர் வரை இறங்கலாம். ஏற்கெனவே வடிவமைத்தவை வேண்டாம் என்றால் ஒவ்வொரு முறையும் தானாக உருவாகும் வரைபடத்தைக் கேட்கலாம். கேலக்ஸி ஃபோர்ஜ் என்ற கருவியைக் கொண்டு சொந்தமாகவும் வரைந்துகொள்ளலாம். சிறிய வரைபடம் ஒரு மாலையில் முடியும். பெரியவை பல நாட்கள் இழுக்கும். அதனால்தான் சேமித்து வைத்துத் தொடரும் தனியாட்டத்துக்கே அவை பொருந்துகின்றன. கப்பல் கட்டும் வேகம், வருமான வேகம், கப்பல்கள் பறக்கும் வேகம் ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்ற முடியும். தனியாட்டத்தில் நேரத்தை நிறுத்திவைத்து நிதானமாகக் கட்டளையிடலாம் என்பது புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கணினி எதிரிகளுக்குச் சிரமநிலையோடு குணமும் உண்டு. முன்கூட்டியே தாக்க வருபவர், பொருளாதாரத்தை வளர்ப்பவர், கோள்களைக் கோட்டையாக்குபவர், ஆராய்ச்சியில் மூழ்குபவர் என்று தேர்ந்தெடுக்கலாம். கீழ்ப்படிகளில் எதிரியும் ஆட்டக்காரருக்குச் சமமான நிலையில்தான் தொடங்குகிறான். மேல்படிகளில் அவனுக்குக் கூடுதல் வருமானம் கிடைக்கிறது. அவற்றில் ஒரு படியின் பெயரே ‘அன்ஃபேர்’ என்று வெளிப்படையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே வெல்ல எதிரியைவிட வேகமாகச் சம்பாதிக்க முயன்று பயனில்லை. குறுகலான பாதை ஒன்றைப் பிடித்து அதைக் காத்துக்கொண்டு, அவனைத் தன் கப்பல்களை இழக்கவைக்க வேண்டும்.

பாதைகள் இந்த ஆட்டத்தின் எலும்புக்கூடு. கப்பல்கள் நினைத்த இடத்துக்கெல்லாம் போக முடியாது. கோள்களை இணைக்கும் குறிப்பிட்ட தடங்களில் மட்டுமே தாவ முடியும். ஆகவே மூன்று நான்கு தடங்கள் சந்திக்கும் ஒரு பாலைக்கோள், வளம் குறைவாக இருந்தாலும், வளமான மூலைக்கோளைவிட மதிப்புள்ளது. தனியாட்டத்தில் தோற்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் பார்க்காமல் கண்ணில் பட்ட கோள்களில் எல்லாம் குடியேறியவர்களே.

விண்கொள்ளையர் என்ற தேர்வு தனியாக விளக்கப்பட வேண்டியது. அதை இயக்கிவிட்டால் திரையில் ஒரு கடிகாரம் ஓடும். கடிகாரம் முடிவதற்குள் ஒவ்வொருவரும் மற்றவர்களின் தலைக்கு விலை வைக்கலாம். யார் தலைக்கு அதிக விலையோ அவர்மீது கொள்ளையர் பாய்வார்கள். பத்து விநாடி இருக்கும்போது தன் பெயர் மேலே இருப்பதைப் பார்க்கும் ஆட்டக்காரர், புதுக் கப்பலுக்கென்று சேர்த்த பணத்தை எடுத்து எதிரியின் தலையில் போடுகிறார். எதிரியும் உடனே கூட்டுகிறான். கடைசி விநாடியில் பெயர் கீழே இறங்கினால் தப்பித்தார். இல்லையென்றால் அடுத்த சில நிமிடங்களில் அவருடைய எல்லைக் கோளில் கொள்ளையர் கூட்டம் வந்து நிற்கும். போதாக்குறைக்கு, விலை வைக்கப்பட்டவரின் கப்பலை உடைக்கும் எவருக்கும் அந்தப் பணத்தில் பங்கு கிடைக்கும். நேரம் செல்லச்செல்லக் கொள்ளையர் பலமும் கூடிக்கொண்டே போகும். ஒரு துப்பாக்கிக் குண்டும் வெடிக்காமலே பதற்றத்தை உண்டாக்கும் இந்த ஏலம் இந்த விளையாட்டின் மிகச் சிறந்த கற்பனை. பிடிக்காதவர்கள் கொள்ளையர் தேர்வை அணைத்துவிட்டும் ஆடலாம். ஆனால் தனியாட்டத்தின் சுவையில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

2009இல் வந்த என்ட்ரென்ச்மென்ட் விரிவாக்கம் விண்தளங்களையும் கண்ணிவெடிகளையும் கொண்டுவந்தது. 2010இல் வந்த டிப்ளமசி தூதுக்கப்பல்களையும் உறவுகளையும் சேர்த்தது. 2012 ஜூனில் தனித்து இயங்கும் வெளியீடாக வந்த ரெபெல்லியன் இவை எல்லாவற்றையும் ஒன்றாக்கி, வெல்லும் வழிகளையும் கூட்டியது. எல்லாரையும் அழிப்பது ஒரு வழி. எதிரியின் தலைமைக் கோளைப் பிடிப்பது, ஆராய்ச்சியின் உச்சத்தை எட்டுவது, உறவால் வெல்வது ஆகியவையும் இப்போது உண்டு. முடிவு தெரிந்த பிறகும் மிச்சக் கோள்களை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கும் அலுப்பு, பெரிய வரைபடங்களின் நிரந்தர நோய். இந்த மாற்று வழிகளில் ஒன்றைத் தொடக்கத்திலேயே இயக்கிவைப்பதுதான் அதற்கு மருந்து.

எந்தத் தரப்பை எடுத்தாலும் ஒரு விதி எல்லாருக்கும் பொது. கப்பற்படையின் கொள்ளளவை ஆராய்ச்சி மூலம் உயர்த்தும்போதெல்லாம் வருமானத்தின் ஒரு பங்கு பராமரிப்புச் செலவாக நிரந்தரமாகப் பிடித்தம் செய்யப்படும். அந்தக் கொள்ளளவு முழுக்கக் கப்பல்கள் இருக்கின்றனவா இல்லையா என்பது கணக்கில் வராது. கூட்டிய அளவைத் திரும்பக் குறைக்கவும் முடியாது. பெரிய படைக்கு ஆசைப்பட்டுக் கொள்ளளவைக் கூட்டியவர், ஒரு போரில் படையை இழந்தால் அதே பிடித்தத்தோடு மீண்டும் தொடங்க வேண்டும். கூட்டாதவர் சிறிய படையோடு பெரிய வருமானத்தில் இருப்பார். எப்போது கூட்டுவது என்ற முடிவுதான் இந்த ஆட்டத்தின் இதயம். மூன்று தரப்புகளும் அதற்கு வெவ்வேறு பதில் சொல்கின்றன.

முதல் தரப்பு டிஇசி. வணிக உலகங்கள் ஆபத்துக் காலத்தில் சேர்ந்து அமைத்த கூட்டணி இது. போருக்குப் பழகாத வியாபாரிகள் தொழிற்சாலைகளை நம்பிப் போரிடுகிறார்கள். கப்பல்களின் உடல் கனமானது, கேடயம் பலவீனமானது, விலை மலிவானது. வணிகத் துறைமுகங்களைத் தொடர்ச்சியாகக் கட்டினால் வருமானம் கொட்டும். ஆட்டத்தில் முதல் முதன்மைக் கப்பல் இலவசம் என்பதால், புதியவர் அக்கானைத் தேர்வது நல்லது. அது போரிடும், கோளில் குடியேற்றவும் செய்யும். பின்னால் கட்ட வேண்டியது மார்சா. ஆறாம் நிலையை எட்டிய மார்சா ஏவுகணை மழையைத் திறந்துவிட்டால், நெருக்கமாக நின்ற சிறு கப்பல்களின் கூட்டம் சில விநாடிகளில் காணாமல் போகும். அதற்கு முன் மார்சாவை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு. ஹோஷிகோ பழுதுபார்ப்புக் கப்பல்களை அதன் பின்னால் நிறுத்துவது அனுபவசாலிகளின் வழக்கம். தொலைவிலிருந்தே கோள்களைத் தாக்கும் நோவாலித் பீரங்கி இவர்களின் கடைசி ஆயுதம்.

இரண்டாவது அட்வென்ட். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வணிக உலகங்களால் விரட்டப்பட்டவர்கள், மனவலிமையை ஆயுதமாக்கிக்கொண்டு பழிதீர்க்கத் திரும்பியிருக்கிறார்கள். இவர்களின் உடல் மெலிது, கேடயம் வலிது. ஒரு கப்பலைப் பலர் சேர்ந்து தாக்கும்போது கேடயம் தாங்கும் அளவு கூடும் என்பது எல்லாத் தரப்புக்கும் பொதுவான விதி என்றாலும், அட்வென்டுக்கே அதனால் அதிகப் பயன். ஐகோனஸ் கப்பல் தன் கேடயத்தை அண்டையில் உள்ளவற்றின்மீதும் விரிக்கும். புரோஜெனிட்டர் என்ற தாய்க்கப்பல் கோளில் குடியேற்றும், நண்பர்களின் கேடயத்தை நிரப்பும், உச்ச நிலையில் அழிந்த முதன்மைக் கப்பலையே உயிர்ப்பிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் இந்தக் கப்பல்கள் அவ்வளவு பயமுறுத்தாது. ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் கலவையாக அமைத்தால்தான் இந்தப் படை பலம் பெறும். ஆகவே கவனிக்காமல் அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கிறவருக்கு இது ஒத்துவராது. போர்க்களத்துக்கு வெளியே இவர்களின் பண்பாட்டுப் பரவல் இன்னொரு முனை. கோயில்கள் பரப்பும் செல்வாக்கு எதிரிக் கோளின் விசுவாசத்தை அரித்து, கடைசியில் மக்களே ஆட்சியைக் கவிழ்க்கச் செய்யும். பொறுமை உள்ளவருக்கு இதைவிட இனிமையான வெற்றி இல்லை.

மூன்றாவது வசாரி. பெயர் தெரியாத எதிரியிடமிருந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தப்பி ஓடிக்கொண்டிருக்கும் பழைய பேரரசின் எச்சம். கப்பல் ஒவ்வொன்றும் விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. ஒன்றை இழந்தாலும் வலிக்கும். இவர்களின் ஏவுகணைகளில் ஒரு பங்கு கேடயத்தைக் கடந்து நேராக உடலில் பாயும். கேடயத்தையே நம்பும் அட்வென்ட் இவர்களைக் கண்டு அஞ்சுவது அதனால்தான். ஓர்குலஸ் விண்தளம் ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்து வந்து தாக்கும். எல்லாவற்றிலும் பெரிய வசதி, தங்கள் வாயில்கள் உள்ள கோள்களுக்கிடையில் சாதாரணத் தடங்களைத் தவிர்த்து நேராகத் தாவும் ஆற்றல். மற்ற தரப்புகளுக்கு ஒரு குறுகல் வழி அரண் என்றால், வசாரிக்கு அதைச் சுற்றிவர வழி இருக்கிறது. சிறிய படையைக் கொண்டே இரண்டு முனைகளைக் காக்க முடிவதால், கொள்ளளவை அவசரப்பட்டுக் கூட்டத் தேவையில்லை.

ரெபெல்லியன் ஒவ்வொரு தரப்பையும் விசுவாசிகள், கலகக்காரர் என்று இரண்டாகப் பிளந்தது. வித்தியாசம் சில இடங்களில் மெல்லியது, சில இடங்களில் ஆட்டத்தையே மாற்றுவது. டிஇசி விசுவாசிகள் ஒரே கோளில் இரண்டு விண்தளம் கட்டி எல்லையைப் பூட்டிக்கொள்வார்கள். அவர்களின் கலகக்காரர்கள் கொள்ளையரோடு சமாதானம் செய்துகொள்ளலாம். வசாரி விசுவாசிகள்தான் இந்த ஆறு பிரிவுகளிலும் துணிச்சலான படைப்பு. அவர்களால் சொந்தக் கோளையே கரு வரை உரித்து வளமாக்கிவிட்டு, கோள் இல்லாமலே படையாக வாழ முடியும். ஆறுக்கும் டைட்டன் என்ற மாபெரும் கப்பல் ஒவ்வொன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வைத்திருக்கலாம். அவற்றில் வோராஸ்ட்ரா எதிரிக் கப்பல்களை அப்படியே விழுங்கும். எராடிகா அழிந்த பிறகும் சற்று நேரம் நின்று போரிடும். டைட்டன் இறங்கியதும் ஆட்டம் அதைச் சுற்றியே நகரும். சிறு கப்பல்களின் நுட்பத்தை விரும்புபவர்கள் இதை இன்றும் குறை சொல்வது நியாயமே.

பழைய விளையாட்டின் உண்மையான எல்லை கணினியில் இருக்கிறது. 32 பிட் மென்பொருள் என்பதால், பெரிய வரைபடத்தில் பத்துப் பேரோடு ஆடினால் கடைசி மணி நேரங்களில் படம் தள்ளாடும். ஸ்டார் வார்ஸ், ஸ்டார் டிரெக் உலகங்களைக் கொண்டுவரும் ரசிகர் மாற்றங்கள் அந்தச் சுமையை மேலும் கூட்டும். 2022இல் முன்னோட்டமாக வந்து 2024 ஆகஸ்டில் ஸ்டீமில் முழுமையாக வெளியான இரண்டாம் பாகம் 64 பிட்டில் இயங்குகிறது. அதில் கோள்கள் நட்சத்திரத்தைச் சுற்றி நகர்வதால் தடங்களும் காலப்போக்கில் மாறுகின்றன. நேற்று பாதுகாப்பாக இருந்த மூலை நாளை முன்னணியாகலாம். ஏவுகணைகளை நடுவானில் சுட்டு வீழ்த்தலாம். ஆறு பிரிவுகளும் புதிய பெயர்களில் தொடர்கின்றன. வெளியானபோது அதிலும் கதைத் தொடர் இல்லை.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் ரெபெல்லியனை வாங்கலாம். புதியது உள்ளவர்கள் நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாம். எதுவானாலும் முதல் ஆட்டத்தை டிஇசி தரப்பில், ஒற்றை நட்சத்திரச் சிறு வரைபடத்தில், ஒரே ஒரு நடுத்தர எதிரியோடு தொடங்குங்கள். அட்வென்டை இரண்டாவதாக எடுங்கள். தடங்களும் வருமானமும் கைவந்த பிறகு வசாரிக்கு வாருங்கள்.