மேடேறும் வண்டியும் கழனி வாய்க்காலும்

லடாக்கில் லே நகரிலிருந்து கார்கில் செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், காந்தக் குன்று என்றோர் இடமுண்டு. இயந்திரத்தை நிறுத்தி, கியரை விடுவித்த மோட்டார் வண்டி அங்கே தானே மேடேறுவதாகத் தோன்றும். குன்றிலுள்ள காந்தம் இழுப்பதாகச் சொல்வர். அஃது உண்மையன்று. இத்தகைய சாலைகளில் ஊற்றிய தண்ணீரும் அப்படியே 'ஏறும்'. தண்ணீரைக் காந்தம் இழுக்குமா?

சாலை இறக்கமே. தொடுவானத்தை மலைகள் மறைத்துவிட்டால், நம் கண் சுற்றுப்புறத்தின் சாய்வையே சமதளமாகக் கொள்கிறது. செங்குத்தான இறக்கங்களுக்கு இடைப்பட்ட சிறு இறக்கம் ஏற்றமாகத் தெரியும் என்பதை, இத்தாலிய ஆய்வாளர் மேசைமீது மாதிரிச் சாலைகள் அமைத்துக் கண்டு 2003-இல் வெளியிட்டனர்.

திருப்புலிவனத்து விவசாய அங்கத்தினர்க்கு இது வெறும் வேடிக்கையன்று. வாய்க்கால் வெட்டுகையில், நாம் கண்டவரை, பலரும் கண்ணையே நம்புகின்றனர். வாட்டமோ மிகச் சிறிது. பக்கத்து வரப்பு சாய்ந்திருப்பின் கண் தவறும். மடை திறந்த பின்பே நீர் எதிர்த்து நிற்பது தெரியும். வெட்டுக்கூலி போயிற்று. கொத்தனார் கையாளும் மட்டக்குழாய் போதும். ஒளிபுகும் குழாயில் குமிழியின்றி நீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு முளைகளில் கட்டவேண்டும். இருபுறமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரைவரை அளந்தால், அளவு மிகுந்த பக்கமே பள்ளம். நீண்ட வாய்க்காலாயின் பகுதி பகுதியாக அளக்கலாம்.