'சுராங்கனி'யும் ஏ. ஈ. மனோகரனும்: ஒரு பாடலுக்குள் அடங்கிய கலைவாழ்வு

முன்னுரை

தமிழ்த் திரையிசை குறித்த ஆய்வுகள் பெருகிய அளவிற்குத் திரைக்கு வெளியே பிறந்த தமிழ்ப் பாடல்கள் குறித்த ஆய்வுகள் பெருகவில்லை. 1960களின் இறுதியிலும் 1970களிலும் ஈழத்தில் செழித்த பொப்பிசை அவ்வாறு விடுபட்ட துறைகளுள் ஒன்று. (தமிழ்நாட்டார் 'பாப்' என எழுதுவதை ஈழத்தார் 'பொப்' என்பர். துறை அவர்களுடையதாதலின் இக்கட்டுரை அவர்தம் வழக்கையே கொள்கிறது.) அதன் முன்னணிப் பாடகராகிய ஏ. ஈ. மனோகரன் தமிழ்நாட்டில் 'சுராங்கனி' என்னும் ஒரே பாடலால் அறியப்பட்டவர். கல்லூரிச் சுற்றுலாப் பேருந்திலும் திருமண வரவேற்பு மேடையிலும் அப்பாடல் இன்றும் ஒலிக்கிறது. பாடியவர் யார் என்னும் வினா அங்கு எழுவதில்லை. பாடல் நிலைத்துப் பாடகர் மங்கிய இந்நிலைக்குப் பாடலின் அமைப்பிலேயே காரணம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பைலாவிலிருந்து பொப்பிசைக்கு

1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கீசியர் 1658வரை அத்தீவின் கரையோரப் பகுதிகளில் ஆதிக்கம் செலுத்தினர். அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் பைலாவும் ஒன்று. நடனமாடுதலைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லே இதன் வேர். ஆப்பிரிக்க வழியினராகிய காப்பிரியரிடத்தும் பறங்கியரிடத்தும் வழங்கிய இவ்வாடலிசையை இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சிங்களப் பாடல் வடிவமாக நிலைநிறுத்தியவர் வொலி பஸ்டியன். அவர் காவல்துறையில் பணியாற்றியவர். மும்மூன்றாகத் துள்ளும் இதன் தாளம் திஸ்ர நடைக்குப் பழகிய தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை.

இத்தாளத்தோடு கிதாரையும் பேச்சுத் தமிழையும் சேர்த்தே ஈழத்துப் பொப்பிசை உருவாயிற்று. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இத்துறையின் தொடக்க காலப் பெரும் வெற்றி. 1970 முதல் 1977வரை இலங்கையை ஆண்ட சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இந்தியத் திரைப்படங்களும் இதழ்களும் இறக்குமதியாவதைக் கட்டுப்படுத்தியது. அதன் நோக்கம் எதுவாயினும், உள்ளூர்த் தமிழ்க் கலைஞர்களுக்கு அது மேடையை அகலப்படுத்தியது. மனோகரன் எழுச்சி பெற்றது இச்சூழலில்தான். முருகனைப் பாடும் 'மால் மருகா'வும் இலங்கையைத் தாய்த்திருநாடாகப் போற்றும் பாடலும் ஈழத்தில் அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தவை. அங்கு அவர் ஒற்றைப் பாடலின் பாடகராக இருந்ததில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பாக்கு நீரிணையைக் கடந்த பின்னரே அவர் அவ்வாறு சுருங்கினார்.

பாடலின் மொழி

சுராங்கனி என்பது பெண்ணின் பெயர்; தேவமகள் எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது. அவளுக்கு மீன் கொண்டுவரப்பட்டது என்பதற்கு மேல் பல்லவியில் செய்தி ஒன்றுமில்லை. பல்லவி சிங்களத்தில் அமைய, ஏனைய அடிகள் தமிழில் தொடர்கின்றன. பல்லவியில் வரும் 'மாலு' என்பது மீனைக் குறிக்கும் சிங்களச் சொல். பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று திணை, பால், எண், இட ஈறுகளை ஏற்பதில்லை. ஆதலின் மீனைக் கொண்டுவந்தவன் யார் என்பது வினையால் வெளிப்படுவதில்லை. யார் வேண்டுமாயினும் பாடலாம், எவளையும் நோக்கிப் பாடலாம்.

தமிழ்நாட்டுக் கேட்போரிற் பெரும்பாலோருக்கு இச்சொற்களின் பொருள் தெரியாது. 'சுராங்கனிட்ட' என்னும் சிங்கள நான்காம் வேற்றுமை வடிவம் தமிழ்நாட்டில் 'சுராங்கனிக்கா' எனத் திரிந்து வழங்குவது இதற்குச் சான்று. அயல்மொழி உருபு இருந்த இடத்தில் தமிழின் 'கு' உருபை நினைவூட்டும் ஒலி வந்து அமர்ந்துவிட்டது. நாட்டுப்புறப் பாடல் ஊர் மாறும்போது நிகழும் திரிபு இது. தனியொருவர் பாடிப் புகழ்பெற்ற பாடல் ஓரிரு பத்தாண்டுகளுக்குள் நாட்டார் பாடலின் இயல்பைப் பெற்றுவிட்டது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் பெயர் தேவைப்படுவதில்லை.

கரை கடந்த பின்

1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை விலக்கத் தொடங்கியபோது நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித் பாரதி தோன்றிய பின்னும் புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் முதலிய கிழக்குக் கரை ஊர்களில் அப்பழக்கம் நெடுநாள் நீடித்தது. ஈழத்துப் பொப்பிசை இவ்வழியாகவே இல்லங்களுக்குள் புகுந்தது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் 'சுராங்கனி' திரைப்பாடலாயிற்று. அதனைப் பாடியவர்கள் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும். பாடலுக்குத் திரைவழிப் பெருவாழ்வு கிட்டியபோது அதனைத் தமிழர் நாவிற்குத் தந்த குரல் அதில் இல்லை.

மனோகரனோ குரலை விட்டு உருவத்தால் திரைக்குள் நுழைந்தார். 1978இல் இலங்கையில் வெளியான 'வாடைக்காற்று' அவர் நடித்த குறிப்பிடத்தக்க படம். நெடுந்தீவுக்குப் பருவந்தோறும் வரும் மீனவரைப் பற்றிய செங்கை ஆழியானின் நாவல் அது. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். தமிழ்நாட்டில் அவருக்கு வாய்த்தவை பெரும்பாலும் வில்லனின் அடியாள், கடத்தல்காரன் போன்ற வேடங்களே. மலையாளம் முதலிய பிற மொழிப் படங்களிலும் நடித்தார். பிறருக்குப் பின்னணிக் குரலும் கொடுத்தார். தமிழ்நாட்டில் அக்காலத்தில் திரைக்குப் புறம்பான தமிழ்ப் பாடகர் வாழ்வதற்குரிய தொழிற்களம் பெரும்பாலும் பக்தியிசையும் கச்சேரி மேடையுமே. பைலாப் பாடகருக்கு அவை இரண்டும் பொருந்தா. 'மக்கரேனா' பாடிய லோஸ் டெல் ரியோ என்னும் ஸ்பானிய இருவரும் ஒரு பாடலால் மட்டுமே உலகறியப்பட்டவர்கள். ஆயினும் அப்பாடல் அவர்களின் பெயரோடுதான் உலகைச் சுற்றியது. மனோகரனுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

1983 சூலைக் கலவரத்திற்குப்பின் இலங்கையில் சிங்களமும் தமிழும் கலந்து ஒரே பாடலில் களிப்பது முன்போல் எளிதாக இருக்கவில்லை. அத்தீவைத் தாய்நாடாக வாழ்த்திய பாடலுக்கும் அதே நிலைதான். அதை 1983க்குப்பின் கேட்ட ஈழத் தமிழருக்கு அச்சொற்கள் வேறு பொருள் தந்திருக்கும். மீனைப் பற்றிய பாடலுக்கு அந்த இடர் நேரவில்லை. வரலாறு தொடாத அளவிற்கு அது எளியதாக இருந்தது.

1972 மே 22 அன்று நாட்டின் பெயர் 'சிலோன்' என்பதிலிருந்து 'ஸ்ரீ லங்கா' என மாறியது. தமிழ்த் திரையுலகம் அதன் பின்னரும் அவரைச் 'சிலோன் மனோகர்' என்றே அழைத்தது. 2018 சனவரி 22 அன்று, தம் 73ஆம் அகவையில், அவர் சென்னையில் காலமானார். மறைவுச் செய்திகள் அப்பெயரையும் 'சுராங்கனி'யையும் சேர்த்தே அச்சிட்டன.