குடியம் மலையின் கூழாங்கற்கள்

திருவள்ளூரிலிருந்து பூண்டி வழியாக வடமேற்கே போனால், குடியம் கிராமம் வரை வண்டி போகும். அப்புறம் குகை வரை நடைதான். காரையும் களாவும் சூரையும் உடுப்பைப் பிடித்திழுக்கும் முட்காட்டுக்குள் சுமார் 3 கிலோமீட்டர்.

நடப்பவர்கள் காலடியைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வழியெல்லாம் கூழாங்கல். ஆறு எங்கோ கீழே ஓட, மலைமேல் கூழாங்கல் ஏது? டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் பழைய நீரோட்டங்கள் உருட்டிவந்து கொட்டியவை இவை. மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாகி, அதுவே இன்று அல்லிக்குழி மலையாக நிற்கிறது. மழையும் வெயிலும் அரிக்க அரிக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. பாறை குடைந்துபோன இடம்தான் குடியம் குகை. அதன் சுவரில், கடலைமிட்டாயில் கடலை பதிந்ததுபோல, கூழாங்கற்கள் துருத்திக்கொண்டிருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் தேனடைகள். அங்கே உரக்கப் பேசாமல் இருப்பதே நல்லது.

"ஆதிமனிதன் வாழ்ந்த குகை" என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் குகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையான செல்வம் அந்தக் கற்கள்தான். குவார்ட்சைட் என்னும் அந்தக் கல்லைச் சரியான கோணத்தில் தட்டினால் கத்திபோன்ற விளிம்போடு சில்லு பெயரும். கைக்கோடரி செய்ய அதைவிட வேறென்ன வேண்டும்?

நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் பக்கமுள்ள அதிரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டார்கள். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அப்படித்தான் தொடங்கியது. 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே.டி. பானர்ஜி குடியத்தில் அகழ்ந்தார்.

அதிரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் பொறுமையாக அகழ்ந்தனர். மண்ணுக்குள் புதைந்த கல்லில் காஸ்மிக் கதிர் படாது. அதுவரை அந்தக் கதிரால் அதில் உருவாகிச் சேர்ந்திருந்த அலுமினிய, பெரிலியக் கதிரியக்க ஐசோடோப்புகள் வெவ்வேறு வேகத்தில் சிதையத் தொடங்கும். அந்த விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும். 2011-இல் அவர்கள் வெளியிட்ட விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள். அப்போது நம் மனித இனமே தோன்றியிருக்கவில்லை. நமக்கு முந்திய மனிதர்களின் கைவேலை அது.

குடியத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பூண்டியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் கைக்கோடரிகளைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் செல்லுங்கள். எது கல், எது கருவி என்று கண்ணுக்குப் பிடிபடும். ஆனால் ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். கிடந்த இடத்தை விட்டுப் பெயர்த்த கருவி, ஆய்வாளருக்குப் பாதிச் சேதியைச் சொல்லாமலே போய்விடும்.