பூஜ்ஜியம் காட்டாத கவுண்ட்டர்

இ.சி.இ., மூன்றாம் ஆண்டு மாணவன்



நம்ம டிஜிட்டல் லேபில் செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேயைத் தொடாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஏழு எல்.இ.டி. கோடுகள்; அதில் 0 முதல் 9 வரை எந்த எண்ணும் வரும். டிஸ்ப்ளே எரியவில்லை என்றால் "ஐ.சி. போச்சு சார்" என்று ஸ்டோர் ரூமுக்கு ஓடுவோம். அந்த எரியாத நேரத்துக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று காட்டியவர் ஜப்பானியக் கலைஞர் தட்சுவோ மியாஜிமா. 1957-ல் டோக்கியோவில் பிறந்தவர்.

அவருடைய எல்.இ.டி. கவுண்ட்டர்களில் 1 முதல் 9 வரை எண்கள் ஓடும். சிலவற்றில் 9-லிருந்து 1-க்கு இறங்கும். பூஜ்ஜியம் மட்டும் வரவே வராது. அதன் முறை வரும்போது டிஸ்ப்ளே அணைந்து இருட்டாகிவிடும். அப்புறம் மறுபடி எண்ணத் தொடங்கும். எண் ஓடுவது வாழ்வு, இருட்டு மரணம். ஆனால் இருட்டோடு கணக்கு முடிவதில்லை. பௌத்தச் சிந்தனையில் ஈடுபாடு கொண்டவர் அவர். எல்லாம் மாறுகிறது, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்கிறது, எல்லாம் தொடர்கிறது என்பதே அவர் படைப்புகளின் அடிப்படை.

எனக்கு மிகவும் பிடித்தது நவோஷிமா என்ற சிறு தீவில் அவர் 1998-ல் செய்தது. ஒரு பழைய வீட்டுக்குள் தண்ணீரைத் தேக்கி, அதில் 125 கவுண்ட்டர்களை வைத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். அந்த வேகத்தை முடிவு செய்தது அவர் அல்ல. தீவில் வாழும் 125 பேர்! ஆளுக்கு ஒரு கவுண்ட்டர், ஆளுக்கு ஒரு வேகம்.

2003-ல் டோக்கியோவின் ரொப்போங்கியில் 3.2 மீட்டர் உயரத்தில் ஆறு எண்களை நிறுவினார். 2011 மார்ச் 11-ல் பூகம்பமும் சுனாமியும் வந்து, ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தும் நடந்தபோது, அதைத் தானே அணைத்துவிட்டார். அந்த இருட்டும் அஞ்சலிதானே!

இதைப் படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. 555 டைமர், 7490, 7447, ஒரு காமன் ஆனோட் டிஸ்ப்ளே. இவ்வளவுதான் சரக்கு. 7447-ல் 3-ஆவது பின் 5 வோல்ட்டில் இருக்க, 5-ஆவது பின்னை கிரவுண்ட் செய்தால் பூஜ்ஜியம் மட்டும் எரியாது. 007 என்பதை 7 என்று காட்டுவதற்காக வைத்த வசதி அது. வைவாவுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது எதற்கு உதவும் என்று அன்றுதான் புரிந்தது. வேகத்துக்கு 555-ல் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் 1 மெகா ஓம் பாட்டும் போட்டேன். முழுக்கத் திருகினால் ஒரு எண் மாற ஏறத்தாழ 14 வினாடி ஆகும்.

அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அவளுக்கு நேரம் என்பதே எண்ணிக்கைதான்.

"இதைத் திருகி உனக்குப் புடிச்ச வேகம் வைம்மா" என்றேன்.

தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். புகையிலைத் தூளைச் சேலையில் துடைத்துவிட்டு, பாட்டைக் கடைசி வரை திருகினாள். எண் நகரவே இல்லை போலிருந்தது.

"ஏம்மா இவ்ளோ மெதுவா?"

"மெள்ளப் போவட்டும்ல. என் நேரம் என்னிக்கு மெள்ளப் போயிருக்கு?"

9 வந்தது. பிறகு இருட்டு. "அணைஞ்சு போச்சே" என்று பதறினாள். "இரும்மா, வரும்" என்றேன். இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். 1 வந்ததும் சிரித்துவிட்டுத் தட்டை மடிக்கு எடுத்துக்கொண்டாள். அம்மா சும்மா உட்கார்ந்திருந்து நான் பார்த்த 14 வினாடி அதுதான்.

நண்பர்களே, நீங்களும் இதைச் செய்து பாருங்கள். பாட்டை மட்டும் நீங்கள் திருகாதீர்கள். வீட்டில் உள்ளவர்களிடம் கொடுங்கள்.